அக்கா நடந்த பதிவுகள்

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது முகமில்லை, ஒரு கறுப்புத் திரை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எங்கள் வண்டியின் முன்பக்கம் ஒரு லேசர் ஸ்கேனரைப் பொருத்தியிருந்தோம். அது சுற்றிலும் ஒளியை அனுப்பி, எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் தூரத்தைத் திரையில் புள்ளியாக வைக்கும். சுவர் நேர்கோடாகத் தெரியும். நாற்காலி நான்கு சிறிய புள்ளிக்கூட்டங்களாகத் தெரியும். பேண்ட் போட்ட மனிதர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிறைகளாகத் தெரிவார். நடக்கும்போது பிறைகள் மாறி மாறி முன்னால் வரும். ஒரு நாள் காலை ஏழேகால் மணிக்கு அந்தத் திரையில் ஒற்றைப் பெரிய வளைவு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்து போனது. வண்டி அதை மனிதர் என்று ஏற்கவில்லை. தூண் என்று குறித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகாமல், துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா போய்க்கொண்டிருந்தார்.

கிண்டி தொழிற்பேட்டையில், கீழே அச்சுக்கூடமும் மேலே நாங்களுமாக இருந்த கட்டடம் அது. மருத்துவமனைகளில் நர்சுகளின் பின்னால் மருந்தும் துணியும் சுமந்துகொண்டு தானாகவே வரும் ஒரு தள்ளுவண்டியை உருவாக்கிக்கொண்டிருந்தோம். யாரைத் தொடர வேண்டுமோ அவரை அடையாளம் கண்டு, நடுவில் வேறு யாராவது புகுந்தாலும் தவறவிடாமல், கை நீட்டும் தூரத்தில் அது பின்னால் வர வேண்டும். அந்த மென்பொருள் என் பொறுப்பு. லேசர் வைக்கும் புள்ளிகளையும், வண்டியின் தலையில் இருந்த கேமரா எடுக்கும் படங்களையும் சேர்த்துப் பார்த்து, ஆள் இப்போது எங்கே இருக்கிறார், அடுத்த அடியை எங்கே வைப்பார் என்று அது ஓயாமல் கணித்துக்கொண்டிருக்கும். அதைப் பழக்குவதற்கு நாங்கள் வைத்திருந்த பதிவுகள் எல்லாமே வெளிநாட்டில் எடுத்தவை. அவற்றில் நடந்த ஒருவர்கூடச் சேலை கட்டியவர் இல்லை. இங்கே வார்டு ஆயாக்களும், நோயாளிக்குச் சோறு எடுத்துவரும் பெண்களும் சேலையில்தான் நடப்பார்கள் என்பது, அக்கா தூணாகத் தெரிந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

அக்கா எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைப்பதற்காக ஓர் ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஆள். ஐம்பதைத் தாண்டியிருப்பார். சிறுகூடான உடம்பு. மூக்கின் இரண்டு பக்கமும் கல் வைத்த மூக்குத்தி. குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. அடையாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே கணவரைப் பறிகொடுத்தவர். பெருவெள்ளம் வந்து வடிந்தபின் அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அதற்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் எட்டரை ஆகிவிடும் என்பார்.

நானும் ஏழு மணிக்கு வருவேன். அதற்குப் பஸ் காரணமில்லை. மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில், அம்மா போனபிறகு நான் மட்டும்தான். அம்மா பாட்டு வாத்தியார். விடியற்காலையிலேயே பிள்ளைகள் வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். நாற்பது வருடம் ஒரு காலைகூடச் சத்தமில்லாமல் இருந்ததில்லை அந்தக் கூடம். இப்போது ஆறு மணிக்கு விழிப்பு வந்தால் குழாயில் சொட்டும் தண்ணீர்தான் கேட்கும். காபியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மற்றவர்கள் ஒன்பதரைக்குமேல்தான் வருவார்கள் என்பதால் அந்த இரண்டு மணி நேரமும் தளத்தில் நானும் அக்காவும்தான் இருப்போம். அவர் துடைக்கும் இடத்திலிருந்து என்னிடம் பேசுவார், நான் திரையைப் பார்த்தபடியே பதில் சொல்வேன். அன்றைக்கு முழுக்க வேலையைத் தவிர வேறு எதைப் பற்றியாவது நான் பேசியது அந்த நேரத்தில் மட்டும்தான் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

"அக்கா, தெனம் கொஞ்ச நேரம் இந்த வண்டி முன்னாடி நடந்து காட்டறீங்களா?" என்று நான் கேட்டபோது அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார்.

"நான் நடக்கறத்துல இன்னா மேடம் கீது? எல்லாரும் நடக்கறா மாதிரிதான் நடக்கறேன்."

"வண்டி உங்கள மனுஷின்னு நம்ப மாட்டேங்குது. அத நம்ப வைக்கணும்."

"அதுக்குமா நான் ஆதார் காட்டணும்?" என்றார். ஆனாலும் அன்றே நடந்தார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், மேசைகளைச் சுற்றி, தூணுக்குப் பின்னால் மறைந்து மறுபடி வெளியே வந்து, வாளியோடு, வாளி இல்லாமல். மூன்றாவது வாரம் வண்டி அவரை மனிதராக ஏற்றுக்கொண்டது. சேலைக்குள் ஒளிந்திருக்கும் நடையை, அந்த ஒற்றை வளைவு ஒவ்வொரு அடிக்கும் சற்று விரிந்து சற்றுச் சுருங்குவதை வைத்துக் கண்டுபிடிக்கப் பழக்கியிருந்தேன். வண்டி முதல்முறை தானாக அவர் பின்னால் கிளம்பி, தூணைச் சுற்றித் தவறவிடாமல் போனபோது அவர் திரும்பிப் பார்த்து, "வா நைனா, வா" என்றார். அதற்குப் பிறகு அதற்கு அதுதான் பெயர். நாங்கள் வைத்த பெயர் பெட்டியில் மட்டும் அச்சாகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கும் மேல் அப்படி நடந்தார். தினமும் கூட்டிப் பெருக்கி முடித்து அரைமணி நேரம். நடந்துகொண்டே பேசுவார். ஆற்றங்கரையில் அவர் வீட்டுக்கு இடதுபக்கம் யார், வலதுபக்கம் யார், யார் வீட்டுக் குழம்பு யார் வீட்டுக்குப் போகும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். புது இடத்தில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்ததில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேறு வேறு கட்டடத்துக்கும் மாடிக்கும் சிதறிப்போனார்கள். "முப்பது வருசமா ஒரே செவுத்துக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் இருந்தோம். இப்ப அவள பாக்கணும்னா கீய எறங்கி, ஒரு மைதானத்த தாண்டி, நாலு மாடி ஏறணும். மேல போனா அவ வேலைக்குப் போயிருப்பா" என்பார். ஒரே மகளை வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். சில நாள் என்னையும் சீண்டுவார். "உங்க ஆத்துல இன்னா சமையல்?" என்று எங்கள் வீட்டுப் பேச்சை அவர் வாயில் போட்டு இழுப்பார். உப்புமா என்பேன். நேற்றும் அதுதானே என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. நேற்று நான் சாப்பிட்டதை நினைவில் வைத்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். நானாக எதையும் கேட்டதில்லை. இதை எழுதும்போதுதான் இந்த வித்தியாசம் எனக்கே தெளிவாகிறது.

கடைசி எட்டு மாதம் வண்டியை மருத்துவமனைக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய அவசரத்தில் இருந்தோம். அந்தச் சமயத்தில்தான் அது அக்காவை அடிக்கடி தவறவிட ஆரம்பித்தது. அவர் திரும்பும் இடங்களில் வண்டி ஓர் அடி முன்னால் போய் நின்றுவிடும். அவர் அங்கே இருப்பார் என்று அது கணித்திருக்கும், அவர் இன்னும் வந்திருக்கமாட்டார். சில நேரம் அவர் நடக்க ஆரம்பிக்கும்போதே வண்டி குழம்பும். நான் பதிவைத் திறந்து பார்த்தேன். அடிகள் நெருக்கமாக விழுந்தன. வளைவின் விரிதலும் சுருங்கலும் மங்கியிருந்தன. புதுச் சேலை, கஞ்சி போட்டது, கால் தடுக்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடியின் நீளம் இவ்வளவு இருக்கும் என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தேன். வண்டி சரியாகத் தொடர்ந்தது. ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி தவறியது, மறுபடி குறைத்தேன். அக்கா அப்போதெல்லாம் இடது கையை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டு நடப்பார். அது அவருடைய தோரணை என்று நினைத்தேன். வலது கை மட்டும் வீசும் ஆளையும் வண்டி அடையாளம் காண வேண்டுமே என்று, அந்தப் பதிவுகளைத் தனியாக எடுத்துப் பயிற்சிக்குக்கூடச் சேர்த்தேன்.

அக்காவையே முன்னால் நடக்கவிட்டு, வண்டியை நல்லபடியாகக் காட்டி முடித்தோம். எங்கள் முதலாளி, என்னைவிடப் பத்து வயது சின்னவர், எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தார். அக்காவுக்கு ஒரு துண்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டை வாங்கும்போது அவர் கை ஆடியது. கேக் சரிந்து தரையில் விழுந்தது. "தோ, நானே தொடச்சிக்கிறேன்" என்று குனிந்தார். நிமிர்வதற்கு மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதையும் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை வேறொரு பெண் துடைப்பத்தோடு வந்தார். "அந்தக்கா வரமாட்டாங்க மேடம். ஒடம்பு சரியில்லன்னு சூப்பர்வைசர் நிறுத்திட்டாரு" என்றார். எனக்குப் போன் செய்யத் தோன்றியது. எண் இல்லை. வீடு எங்கே என்றும் தெரியாது. அவர் நடந்த பதிவுகள் என் கணினியில் ஒரு ஹார்ட் டிஸ்க் முழுக்க நிறைந்திருந்தன. எந்த நாள், எந்த நிமிடம், அறையின் எந்த இடத்தில் நின்றார் என்று விரற்கடை சுத்தமாகச் சொல்ல முடியும். கதவைத் தாண்டிப் போனபின் அவர் எங்கே போவார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

புதிய பெண்ணை நடக்கச் சொன்னேன். அவர் சுறுசுறுப்பாக நடந்தார். வண்டி அவரைத் தொடரவில்லை. இரண்டு எட்டிலேயே தவறவிட்டு நடுக்கூடத்தில் நின்றது. முதல் வருடம் சேலை கட்டிய எல்லாரையும் தொடர்ந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்று, நான் செய்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்தேன். எட்டு மாதத்தில் அடியின் நீளத்தை நான்கு முறை குறைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் காரணம் என்ற இடத்தில் ஒரே குறிப்பை எழுதியிருந்தேன்: சேலையால் வரும் பிழை.

அன்று மாலை வரை உட்கார்ந்து முதல் வருடப் பதிவுகளையும் கடைசி மாதப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். கேமராவின் படத்தில் முகம் தெரியாது. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு நிறம் என்று, உடம்பின் உருவம் மட்டும் தெரியும். இடதுபக்கம் ஓர் உருவம் இரண்டு கையும் வீசி, தூணைச் சுற்றி ஒரே வீச்சில் திரும்பியது. வலதுபக்கம் இருந்த உருவம் தோள் முன்னால் கவிந்து, ஒரு கை ஒட்டிக்கொண்டு, ஒரு திருப்பத்துக்கு ஏழெட்டுச் சின்ன அடிகள் வைத்தது. இரண்டும் ஒரே ஆள் என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுத்தது நான். முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு உருவங்களையும் பார்த்துவிட்டு, "நாம டாக்டர் இல்லையே, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது உண்மைதான். ஆனால் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்து, எதிரே நடந்த ஆளை ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

ஒப்பந்த நிறுவனத்தில் கெஞ்சி முகவரி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களையெல்லாம் தாண்டி, ஏரிக்கு நடுவில் எழுந்தாற்போல் நின்ற அந்த அடுக்குமாடிகளுக்குப் போனேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே ஜன்னல். ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவு திறந்தே இருந்தது. கூப்பிட்டதும் அக்கா உள்ளிருந்து எழுந்து வந்தார். நிலைப்படிக்கு ஓர் அடி முன்னால் வந்து அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் அசைவில்லை. என்னைப் பார்த்ததில் மகிழ்ச்சியா கோபமா என்று தெரியவில்லை. நான் கையை நீட்டினேன்.

"இயுக்காத கண்ணு, வியுந்துடுவேன்" என்றார். "காலு ஒட்டிக்கிச்சு. வாசப்படியாண்ட வந்தா மட்டும் இப்டி ஆவுது. கொஞ்சம் இரு, வுட்ரும்."

அலுவலகத்தில் மேடம் என்றவர், அவர் வீட்டு வாசலில் என்னைக் கண்ணு என்றார். அவர் கால் விடும்வரைக்கும் நான் வெளியேயும் அவர் உள்ளேயுமாக நின்றோம்.

அரசு ஆஸ்பத்திரியில் நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உள்ளே பாயில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதமாக வண்டிக்குத் தெரிந்திருந்ததை, நான் பிழை என்று எழுதி அழித்ததை. அவர் இடது கையை மடியில் வைத்து வலது கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "கை ஆட ஆரம்பிச்சிச்சு. சூப்பர்வைசர் பாத்தா நிறுத்திடுவான்னுதான் இடுப்புல சொருகிக்கினேன். யாரும் கண்டுபுடிக்கல. நைனா மட்டும் முட்டிக்கினு நின்னான்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"தெனம் என்னியே பாத்துக்கினு இருந்தியே கண்ணு. இன்னாக்கா நடை ஒரு மாதிரி கீதுன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியல" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அந்தப் பெரிய குரல் வருத்தத்தால் தாழ்ந்தது என்று அப்போது நினைத்தேன். அதுவும் நோய்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

மடிக்கணினியில் அவர் நடந்ததைக் காட்டச் சொன்னார். முதல் மாதப் பதிவைப் போட்டேன். நிறங்களாலான அந்த உருவத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார். "நல்லாத்தான் நடந்துருக்கேன்" என்றார். அடுத்ததைப் போடட்டுமா என்றேன். "வாணாம். இத்தயே திருப்பிப் போடு."

எங்கள் வண்டியைச் சோதித்த மருத்துவமனையில் நடைப்பயிற்சி தரும் ஓர் அம்மா இருந்தார். அவரிடம் கேட்டேன். தரையில் குறுக்காகக் கோடுகள் ஒட்டினால், அதைத் தாண்டும் எண்ணத்தில் ஒட்டிய கால் கிளம்பிவிடும், பல பேருக்கு அது உதவும் என்றார். கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும், "அவங்க அடி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்" என்று நடுவில் பேசினேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அடுத்த ஞாயிறு மஞ்சள் டேப் சுருளோடு போய், முதல் வருடப் பதிவுகளிலிருந்து எடுத்த அளவில், பாயிலிருந்து வாசல் தாண்டி நடைவழி வரைக்கும் முட்டி போட்டு ஒட்டினேன். அக்கா எழுந்து முதல் கோட்டைத் தாண்டினார். இரண்டாவது எட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது பழைய காலு கண்ணு" என்றார். "இப்ப கீற காலுக்கு ஒட்டு."

எல்லாவற்றையும் உரித்து எடுத்தேன். பசை தரையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அவரை நிற்கச் சொல்லி, இந்த முறை எந்தப் பதிவையும் பார்க்காமல், அவர் கால் போன தூரத்தைப் பார்த்து, கேட்டுக் கேட்டு ஒட்டினேன். ரொம்பக் கிட்டக் கிட்ட வந்தன கோடுகள். கடைசிக் கோடு நிலைப்படிக்கு வெளியே. அவர் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, நிற்காமல் வாசலைக் கடந்து, நடைவழியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாடிக்கு மாடி துணி காய்ந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடியைக் காட்டி, "அவ வூடு அதான்" என்றார். அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரி. வீடு பூட்டியிருந்தது.

ஏழெட்டு மாதம் ஞாயிறுதோறும் போனேன். கோடுகள் தேயும், புதிதாக ஒட்டுவேன். இரண்டு முறை இடைவெளியைக் குறைக்க வேண்டி வந்தது. அப்போதெல்லாம் சேலை, பிழை என்று எதுவும் சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. பிறகு மகள் வந்து அவரைத் தன்னோடு ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே சிமெண்ட் தரையில் மாப்பிள்ளை சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாராம். பதிவுகளை என்ன செய்யட்டும் என்று போகும் முன் அக்காவிடம் கேட்டேன். நைனாவுக்கு வேண்டியிருந்தால் வைத்துக்கொள்ளச் சொன்னார். வண்டி இப்போது இரண்டு மருத்துவமனைகளில் ஓடுகிறது. சேலை கட்டிய பெண்கள் பின்னால் நன்றாகவே போகிறது. ஒருவருடைய அடியின் நீளம் தொடர்ந்து குறைந்தால், பிழை என்று ஒதுக்காமல் அதை ஒரு குறிப்பாக எழுதி வைக்கும்படி மாற்றியிருக்கிறேன். அந்தக் குறிப்பை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. நான் படிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்வேன். முதலில் ஒரு பக்கம் பேசினார், பிறகு ஒரு வரி, பிறகு ஒரு சொல். போன வாரம் மகள் எடுத்து, "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றாள். காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சுகூட இல்லை. இந்தப் போன்கள் மெலிந்த குரலைச் சுற்றுச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். "அக்கா, அக்கா" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். மகள் போனை வாங்கி, "லைன்லதான் கீறீங்களா மேடம்? அம்மா பேசிக்கினுதான் கீறாங்க. உங்களுக்குத்தான் கேக்கல" என்றாள்.

"அவங்ககிட்டயே குடும்மா. பேசட்டும்" என்றேன்.

வெளியே மாடவீதியில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன், விசிறியை நிறுத்தினேன். மறுபடி வந்து உட்கார்ந்து, "பேசி முடிச்சிட்டாங்க மேடம், வச்சிடட்டுமா?" என்று மகள் கேட்கும்வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.